நுனிக்குத்தான் காசு

நான் கெடுத்த முதல் லேப்டாப்பில் கோளாறு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விசிறியில் தூசி அடைத்திருந்தது, அவ்வளவுதான். திறந்து, ஊதி, மூடிக் கொடுத்தால் முந்நூறு ரூபாய். அடிமூடியில் பதினொரு திருகுகள். பத்து கழன்றுவிட்டன. கீல் பக்கத்து மூலையில் இருந்த பதினொன்றாவது அசையவில்லை. ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினேன். கையில் ஒரு வழுக்கல் தெரிந்தது. மறுபடி திருகினேன், மறுபடி வழுக்கல். மூன்றாம் முறைக்குப் பிறகு குனிந்து பார்த்தால், கூட்டல் குறியாக இருந்த பள்ளம் குட்டிக் கிண்ணமாகியிருந்தது. ஸ்குரூடிரைவரின் நுனியும் எழுதித் தேய்ந்த பென்சிலைப் போல உருண்டிருந்தது. ஆத்திரத்தில் மூடியை அந்த மூலையோடு சேர்த்து நெம்பினேன். பிளாஸ்டிக் பிளந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புது மூடிக்கு 1,400 ரூபாய் என் கையிலிருந்து போனது.

இது நடந்தது 2008இல். கும்பகோணத்தில் பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஆறடிக்குப் பத்தடி இடத்தில் கடை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கருவி என்று என்னிடம் இருந்தது ஒரு நீலப் பெட்டி. முப்பத்திரண்டு பிட்டுகள் (கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டும் நுனித் துண்டுகள்), ஒரு கைப்பிடி, விலை 150 ரூபாய். மூடியைத் திறந்தால் பிட்டுகள் பட்டாளம்போல் வரிசையாக நிற்கும். அந்த வரிசையைப் பார்த்தே வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வந்துவிடும், எனக்கும் வந்திருந்தது.

பக்கத்துக் கடையில் ஒரு பத்தர் நகை வேலை செய்துகொண்டிருந்தார். பிளந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. எழுந்து வந்து, கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு அந்த பிட்டைப் பார்த்தார். தன் பட்டறையிலிருந்து ஒரு சிறிய அரத்தை எடுத்து வந்து நுனியில் ஒரு இழுப்பு இழுத்தார். கரகரவென்று துகள் உதிர்ந்தது.

“அரம் கடிக்கிறது பார். இது எஃகு இல்லை தம்பி, வெல்லம்.”

பிறகு தன்னுடைய செதுக்குளி ஒன்றை எடுத்து அதே அரத்தால் உரசிக் காட்டினார். அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. “கைப்பிடிக்கா காசு? நுனிக்குத்தான் காசு. உன் பெட்டியில் முப்பத்திரண்டு நுனி இருக்கிறது, ஒன்றுக்காவது காசு கொடுத்திருக்கிறாயா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நூற்றைம்பதை முப்பத்திரண்டால் வகுத்துப் பார்த்தேன். ஒரு நுனிக்கு ஐந்து ரூபாய்கூட வரவில்லை.

அதன்பின் கருவி வாங்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நுனியைத்தான் பார்க்கிறேன். கணினியைத் தொடுவது நுனி மட்டும்தான். மற்றதெல்லாம் என் கையின் வசதிக்காக இருப்பவை.

முதலில் திருகு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பணத்தை அதிகம் தொலைப்பது இங்கேதான்.

கூட்டல் குறி போட்ட திருகு எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். பிலிப்ஸ் வகை என்று நாம் சொல்வது 1930களில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகள் வழியாகப் பரவியது. அதன் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருக்கும். முறுக்கு கூடினால் நுனி அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். என் கையில் தெரிந்த வழுக்கல் அதுதான். இதிலேயே அளவுகள் வேறு. பிஎச் என்ற எழுத்தோடு ஒரு எண்ணைச் சேர்த்துக் குறிப்பார்கள், எண் கூடினால் நுனி பெரிது. மேசைக் கணினியின் பெட்டித் திருகுகளுக்கு பிஎச்2. லேப்டாப்பில் பெரும்பாலும் பிஎச்0, கொஞ்சம் தடித்த தலைகளுக்கு பிஎச்1, உள்ளே சில பொடித் திருகுகளுக்கு பிஎச்00. பிஎச்1 உட்கார வேண்டிய பள்ளத்தில் பிஎச்0 நுனியும் உள்ளே போகும், திரும்பவும் செய்யும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பள்ளத்தின் அடிவரை போய், நாலு சுவரையும் தொட்டு நிற்கும் நுனியே சரியானது. சோதிப்பது எளிது: நுனியைப் பள்ளத்தில் வைத்து, விரலால் இடமும் வலமுமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் ஒரு அளவு பெரியதை எடுங்கள்.

ஜப்பானியத் தர அளவு என்று இன்னொன்று இருக்கிறது, ஜேஐஎஸ் என்பார்கள். பார்வைக்கு பிலிப்ஸின் இரட்டைப் பிறவி. சில திருகுத் தலைகளில் அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். பிலிப்ஸ் நுனியை இந்தப் பள்ளத்தில் வைத்தால் அடிவரை போகாமல் மேலேயே நின்றுவிடும். ஜேஐஎஸ் நுனியோ பிலிப்ஸ் திருகிலும் ஒழுங்காக உட்காரும். இது தெரிந்த பிறகு வெசல் என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஸ்குரூடிரைவர்கள் இரண்டை வாங்கினேன். ஒன்றின் விலையில் என் பழைய நீலப் பெட்டிகள் இரண்டு வாங்கியிருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. நுனியின் விளிம்பு இன்னும் நகத்தில் உறைக்கிறது.

எஃகைப் பற்றி ஒரு வார்த்தை. பிட்டுகளின் மேல் சிஆர்-வி என்றும் எஸ்2 என்றும் பொறித்திருப்பார்கள். முன்னது குரோம் வனேடியம் எஃகு. எஸ்2 அதைவிடக் கடினமாகப் பதம் பிடிக்கக்கூடியது. நல்ல எஸ்2 பிட், ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் அறுபதை ஒட்டி நிற்கும். ஆனால் பொறிப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை, வெல்லத்தின் மேலும் எஸ்2 என்று பொறிக்கலாம். நான் நம்புவது அரத்தை.

இனி அந்தப் பதினொன்றாவது திருகு ஏன் அசையவில்லை என்பதற்கு வருகிறேன். லேப்டாப் திருகுகளின் மரையில் நீல நிறத்தில் ஒரு பூச்சு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நைலான் பூச்சு. அதிர்வில் திருகு தானாகக் கழன்றுவிடாதபடி பிடித்துக்கொள்வது அதன் வேலை. முதல் கால் சுற்றுக்குத்தான் பலம் தேவை. அந்தப் பிடி விட்டதும் திருகு வெண்ணெயாகச் சுற்றும். ஆகவே அந்த முதல் கால் சுற்றில் கையின் பலத்தில் முக்கால் பங்கு கீழ்நோக்கி அழுத்துவதற்கும், மீதிக் கால் பங்கு திருகுவதற்கும் போக வேண்டும். நான் நேர்மாறாகச் செய்தேன். அப்படியும் அசையாத திருகின் தலையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாகச் சில நொடிகள் வைத்து எடுத்தால் பூச்சு இளகும். பிளாஸ்டிக் மூடியாக இருந்தால் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். திருகைக் காப்பாற்றி மூடியை உருக்கியவன் நான்.

பிட் பெட்டிகளில் இன்னொரு குறையும் உண்டு, அதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. சில லேப்டாப்களில் திருகு ஆழமான குழிக்குள் இருக்கும். பிட் மெல்லியதுதான், ஆனால் அதைப் பிடித்திருக்கும் கழுத்து தடிமன். கழுத்து குழியின் வாயில் இடித்து நின்றுவிடும், நுனி திருகை எட்டாது. எட்டுவதுபோல் தோன்றினால் இன்னும் ஆபத்து. அரைகுறையாகத் தொட்டுத் தலையைத் தின்றுவிடும். அதனால் பிஎச்0, பிஎச்1 இரண்டையும் பிட்டாக வாங்காமல், நுனியிலிருந்து கைப்பிடிவரை ஒரே மெல்லிய கம்பியாக வரும் ஸ்குரூடிரைவராக வாங்குவதே சரி. கைப்பிடியின் தலைப்பகுதி தனியாகச் சுழலும் வகை என்றால் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இரண்டு விரலால் திருகலாம். ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன்; ஒரு நாளில் இருநூறு திருகு கழற்றிப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது.

நட்சத்திர வகைகளைத் தேவை வந்தபின் வாங்கினால் போதும். 2010 இறுதியில் வந்த ஆப்பிள் மேக்புக் ஏரின் அடிமூடியில் ஐந்து இதழ் பூப்போன்ற பென்டலோப் திருகுகள் பத்து இருக்கும். முதல் முறை அந்த மாடல் கடைக்கு வந்தபோது, தட்டை நுனி ஒன்றை இதழ்களுக்கு இடையே செருகித் திறந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் சபலப்பட்டேன். பத்தர் ஞாபகம் வந்தது. வாடிக்கையாளரிடம் நான்கு நாள் தவணை கேட்டு, அதற்கான பி5 அளவு நுனியை வாங்கி வந்து திறந்தேன். பத்தில் இரண்டு மட்டும் 9 மில்லிமீட்டர் நீளம், மற்ற எட்டும் 2.6 மில்லிமீட்டர்தான். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த பி5 நுனியை வாங்கப் போனபோதுதான் சென்னை ரிச்சி தெருவை முதலில் பார்த்தேன். இரவு ரயிலில் போய் எழும்பூரில் இறங்கி, டிபனை முடித்துவிட்டு அண்ணா சாலைப் பக்கம் போனால் கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ரிச்சி தெருவும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்த அந்தச் சந்தடியில் கருவி வாங்குவதற்கு ஒரு ஒழுக்கம் தேவை: பட்டியலோடு போக வேண்டும், பட்டியலோடு திரும்ப வேண்டும். நான் பி5 நுனி ஒன்றுக்காகப் போய், ஒரு தலைவிளக்கு, குழாய்போல் வளையும் ஸ்குரூடிரைவர், பொடிப் பொருளை உறிஞ்சித் தூக்கும் வெற்றிடப் பேனாக்கள் இரண்டு எல்லாம் வாங்கி வந்தேன். வளையும் ஸ்குரூடிரைவர் முறுக்கைத் திருகுக்குக் கொடுக்காமல் தானே விழுங்கிக்கொண்டது. வெற்றிடப் பேனா ஒன்றை என் மகன் விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டான். இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை.

அடுத்தது சாமணம். கடைக்காரர்கள் டுவீசர் என்பார்கள். நகை வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமணம் என்றே சொல்லிவருகிறார்கள். மிகச் சின்னப் பொருளைப் பிடிக்கும் வேலை இரண்டு தொழிலுக்கும் ஒன்றுதான். நான் கடையில் வாங்கி வைத்திருந்த சாமணத்தைப் பத்தர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக மூடினார். நுனிகள் சேரும் முன்பே நடுப்பகுதி ஒட்டிக்கொண்டது. இன்னும் அழுத்தியபோது நுனிகள் ஒன்றையொன்று தாண்டி, கத்தரிக்கோலைப் போலக் குறுக்கே போயின. தன்னுடையதை மூடிக் காட்டினார். இரண்டு நுனிகளும் முதலில் முனையில் சந்தித்தன; அழுத்தம் கூடக்கூட அந்தச் சந்திப்பு பின்னோக்கி நீண்டதே தவிர விலகவில்லை. பிறகு தாளின் மேல் கிடந்த ஒரு தலைமுடியை அதால் எடுத்தார். கடையில் சாமணம் வாங்கும்போது இந்த இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள். வெளிச்சத்துக்கும் காசு இல்லை, முடிக்கும் காசு இல்லை.

நேரானது ஒன்று, வளைந்தது ஒன்று, இரண்டும் வேண்டும். காந்தம் ஒட்டாத எவர்சில்வராக இருக்கட்டும். காந்தம் ஏறிய சாமணம் திருகைப் பிடித்தால் விடாது. கறுப்புப் பூச்சுப் பூசி, நிலைமின்னுக்கு (உடலில் தேங்கி நிற்கும் மின்சாரத்துக்கு) பாதுகாப்பானது என்று எழுதி விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் முனை உலோகம்தான், சில்லின் இரண்டு கால்களை, அதாவது இணைப்பு முனைகளை, சேர்த்துத் தொட்டால் மின்சாரம் பாயத்தான் செய்யும். இதை 2011இல் கல்லூரி மாணவர் ஒருவரின் லேப்டாப்பில் கற்றுக்கொண்டேன். திரைக்குப் போகும் பட்டைக் கேபிளைக் கழற்ற வேண்டியிருந்தது. பேட்டரியை முதலில் பிரிக்கவில்லை, சோம்பல். கேபிளின் முனையைச் சாமணத்தால் பிடித்து இழுத்தேன். கடுகளவு ஒரு பொறி. அவ்வளவுதான். எல்லாவற்றையும் மாட்டிப் போட்டால் கணினி ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், உள்ளே படம் மங்கலாகத் தெரிந்தது. பின்னொளிக்குப் போகும் மின்வழியில் இருந்த எறும்பளவு ஃப்யூஸ் போயிருந்தது. தஞ்சாவூரில் போர்டு வேலை தெரிந்த நண்பரிடம் கொண்டுபோய் மாற்றினேன். அவர் ஃப்யூஸுக்குக் காசு வாங்கவில்லை, பஸ் செலவுதான். ஆனால் இரண்டு நாள் தூக்கம் போனது. பேட்டரி கேபிளைப் பிரிக்காமல் எந்த உலோகத்தையும் உள்ளே விடுவதில்லை என்பது அன்று வந்த வழக்கம்.

இந்தக் கேபிள்களின் பூட்டுகளைத் திறக்க உலோகமே வேண்டாம். சின்னக் கறுப்பு மடல் இருந்தால் நகத்தாலோ பிளாஸ்டிக் நெம்பியாலோ மேலே தூக்கினால் பட்டை தானாக விட்டுவிடும். மடல் தூக்கும் வகையா, முன்னால் இழுக்கும் வகையா என்று பார்க்காமல் பலம் காட்டினால் மடல் ஒடிந்துவிடும். பிறகு பட்டையைப் பிடித்து வைக்கக் காகிதம் மடித்துச் செருகும் நிலைதான்.

மூடி நெம்புவதற்கும் இதே கதை. ஸ்குரூடிரைவரின் தட்டை நுனியால் நெம்பிய லேப்டாப்பை அடையாளம் காண எனக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம். விளிம்பில் எலி கடித்ததுபோல் வரிசையாகத் தடம் இருக்கும். இசைக்கருவிக் கடையில் கிடார் மீட்டும் முக்கோணத் தகடு இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மூலையில் செருகி அங்கேயே விட்டுவிட்டு, அடுத்ததை நகர்த்திக்கொண்டே போனால், திறந்த இடம் மறுபடி மூடிக்கொள்ளாது. காலாவதியான ஏடிஎம் அட்டையும் உதவும், ஆனால் தடிமன் சற்று அதிகம். ஒட்டிய பேட்டரியை எடுக்கும்போது மட்டும் இந்தத் தகட்டோடுகூட நிதானம் வேண்டும். உலோகத்தைப் பேட்டரிக்கு அடியில் விடவே கூடாது. லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் அடுத்த காட்சி தீ. உப்பியிருந்தால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்துப் பசையை அறுப்பேன்.

கழற்றிய திருகுகளை எங்கே வைப்பது? கருவிப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை, நான் முதல் ஐந்துக்குள் சேர்ப்பேன். முதலில் இட்லித் தட்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். குழி அருமை, ஆனால் ஆவி போக வைத்த துளை வழியே பொடித் திருகு மேசைக்கு வந்துவிட்டது. வீட்டுப் பரணில் பாட்டியின் பல்லாங்குழி கிடந்தது. பதினான்கு குழி. லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தால் இடப்பக்க மேல் மூலைத் திருகு இடப்பக்க முதல் குழிக்கு, அடுத்தது அடுத்த குழிக்கு என்று இடம் மாறாமல் போடலாம். மேக்புக் ஏரின் அந்த இரண்டு நீளத் திருகுகளும் தனித்தனிக் குழியில் இருந்ததால் தப்பித்தன. குட்டைத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் நீளத் திருகைப் போட்டு முறுக்கினால் மேல் பக்கம் கை வைக்கும் பலகையில் பரு கிளம்பும். நேரம் கெட்டால் தாய்ப்பலகையின் (மதர்போர்டின்) மின்பாதைகளை அறுக்கும். மரை விஷயமும் உண்டு. மூடியில் திருகு இறங்கும் பித்தளை மரைகள் பிளாஸ்டிக்கில் பதித்தவை. ஒன்று பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால் திருகும் சுற்றும், மரையும் கூடவே சுற்றும், நமக்குத்தான் மரை கழன்றுவிடும். மூடும்போது எல்லாவற்றையும் அரைகுறையாக இறக்கிவிட்டு, பிறகு குறுக்கு மூலை மாற்றி இறுக்குவது நல்லது. மேசைக் கணினியில் இன்னொரு குழப்பம்: பெட்டித் திருகுகளும் பெரிய ஹார்டு டிஸ்கின் திருகுகளும் அங்குலக் கணக்கில் வரும் தடித்த மரை, சின்ன டிஸ்குகளுக்கும் டிவிடி டிரைவுக்கும் எம்3 என்ற மெல்லிய மில்லிமீட்டர் மரை. முதல் இரண்டு சுற்று விரலால் போகவில்லை என்றால் அது வேறு ஜாதித் திருகு, ஸ்குரூடிரைவரால் கட்டாயக் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது.

காந்த நுனி கணினியைக் கெடுக்கும் என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். ஸ்குரூடிரைவரில் இருக்கும் அளவுக் காந்தம் டிஸ்கையும் ஒன்றும் செய்யாது, எஸ்எஸ்டியையும் ஒன்றும் செய்யாது. ஹார்டு டிஸ்கின் உள்ளேயே அதைவிடப் பல மடங்கு வலிமையான நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன. இறந்த டிஸ்க் ஒன்றைத் திறந்து அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டிஸ்குக்குப் பெரும்பாலும் டி8 நட்சத்திர நுனி வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ஒரு திருகு லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று பொருள். எடுத்த காந்தத்தில் ஸ்குரூடிரைவரை ஒரே திசையில் நாலைந்து முறை இழுத்தால் போதும், திருகு நுனியில் தொங்கும். இரண்டு காந்தங்களுக்கு இடையே விரல் மாட்டினால் ரத்தம் கட்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

மல்டிமீட்டர் எது வாங்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கணினியில் நாம் அளப்பது 3, 5, 12, 19 வோல்ட்டுகள். அதற்கு ஐந்தாயிரம் ரூபாய் மீட்டர் தேவையில்லை. மின்பாதை அறுபடாமல் தொடர்ச்சியாக இருந்தால் ஒலிக்கும் வசதி இருக்க வேண்டும், அந்த ஒலி உடனே வர வேண்டும். தொட்டு அளக்கும் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். தட்டிய கணத்தில் கூவாமல் யோசித்துக் கூவும் மீட்டர் வேண்டாம். மலிவு மீட்டர்களின் உண்மையான பலவீனம் முள்தான். அத்தனை தடித்த முள்ளை வைத்து நெருக்கமான கால்களைத் தொட்டால் பக்கத்துக் காலையும் சேர்த்துத் தொட்டுவிடும். நான் ஒரு தையல் ஊசியை முள்ளின் மேல் வைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் இறுகச் சுற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு நுனியை மட்டும் வெளியே விட்டேன். தாய்ப்பலகை வேலைக்கு மட்டும் அது; வீட்டு மின்சாரத்தில் அதை வைப்பது தற்கொலை. மேசைக் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை வெளியிலிருந்து சோதிப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். 12 வோல்ட் வழியில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்டினால் சரி, காட்டாவிட்டால் மாற்று. உள்ளே திறக்காதீர்கள். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம்.

பற்றவைப்பில் என் கொள்கைக்கே ஒரு அடி விழுந்தது. நுனி என்றால் மெல்லியதுதான் உயர்ந்தது என்று நினைத்து, ஊசிபோல் கூர்மையான நுனி கொண்ட சால்டரிங் அயர்னை வாங்கினேன். லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஜாக்கை மாற்ற வேண்டும். அதன் தரைக்கால் (கிரவுண்டு) தாய்ப்பலகையின் பெரிய செம்புத் தளத்தோடு சேர்ந்திருக்கிறது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் தளம் உறிஞ்சிக்கொள்கிறது. பத்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஈயம் உருகவில்லை, பலகை பழுப்பாகிக்கொண்டிருந்தது. பத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, “பெரிய பாத்திரத்துக்கு ஈயம் பூச ஊதுவத்தியைக் கொண்டுபோவாயா?” என்றார். அப்போதுதான் உறைத்தது. பட்டையான உளிபோன்ற நுனியை மாட்டியதும் தொடும் பரப்பு கூடியது, வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. மெல்லியதா தடித்ததா என்பதல்ல கேள்வி. தொடுகிற இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான். ஸ்குரூடிரைவரில் தெரிந்துகொண்டதை இங்கே மறந்திருந்தேன்.

இதில் பற்றவைக்கும் ஈயத்துக்கும் பங்கு உண்டு. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், புதிய பலகைகளில் இருப்பது காரீயம் இல்லாத கலவை. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் பழைய 63/37 கலவை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே பழைய ஜாக்கின் கால்களில் முதலில் நம் ஈயத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் கலந்து குறைந்த சூட்டில் இளகும். ஆரம்பத்துக்கு சோல்ட்ரான் கம்பெனியின் 25 வாட் அயர்ன் ஒன்று போதும். மாதத்துக்கு நாலைந்து ஜாக் வருகிறது என்றால் வெப்பக் கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷனுக்கு மாறலாம். ஹக்கோ கம்பெனியின் டி12 வகை நுனிகளில் சூடேற்றியும் வெப்ப உணரியும் நுனிக்குள்ளேயே இருக்கின்றன; சூடு குறைந்தது உடனே தெரிந்து உடனே ஈடுகட்டப்படும். அங்கேயும் காசு நுனிக்குள்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

நிலைமின்னைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது: மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் தொடவே கூடாது என்பவர்கள், எல்லாம் பூச்சாண்டி என்பவர்கள். நம் தோலுக்கு உறைக்க ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. சில சில்லுகள் நூறு வோல்ட்டுக்கும் கீழேயே பாதிக்கப்படும். நமக்குத் தெரியாமலே கெடுக்கலாம் என்பது உண்மை. காவிரிக்கரையின் புழுக்கத்தில் அபாயம் குறைவு, ஏசி போட்ட அறையில் கூடுதல். பட்டை நூறு ரூபாய்தான், வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதன் மறுமுனை போகும் எர்த் உண்மையிலேயே எர்த் தானா என்று பாருங்கள். மீட்டரை ஏசி வோல்ட் (மாறுதிசை மின்சாரம்) 600 அல்லது 750இல் வைத்து, ஊசி கட்டாத அதன் சொந்த முட்களால், பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வரும் பேஸ் துளைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 230ஐ ஒட்டி வர வேண்டும். என் கடையில் முதல் மூன்று ஆண்டுகள் எர்த் துளை வெறும் துளையாகத்தான் இருந்தது. பட்டைக்குள் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கிறதா என்றும் மீட்டரால் பார்த்துவிடுங்கள். தவறி மின்சாரம் தொட்டால் உங்களைக் காப்பது அதுதான்.

தூசிக்கு ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ் போதும். ஊதும் இயந்திரம் வாங்கினால், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வெட்டும் குறடு ஒன்று, மூக்குக் குறடு ஒன்று டபாரியா கம்பெனியுடையதாக வாங்கினேன். அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உழைக்கின்றன.

கடைக்கு வேலை பழக வரும் பையன்கள் இப்போது நூற்றுப் பதினைந்து பிட்டுகள் கொண்ட பெட்டியோடு வருகிறார்கள். போன மாதம் வந்தவன், “அண்ணா, கையில் 2,000 ரூபாய் இருக்கிறது, இன்னும் என்ன வாங்கலாம்?” என்று கேட்டான். எழுதிக் கொடுத்தேன். ஒரே கம்பியாக வரும் பிஎச்0, பிஎச்1, பிஎச்2 மூன்றும் 750. நேர்ச் சாமணமும் வளைந்த சாமணமும் 300. மல்டிமீட்டர் 500. மணிக்கட்டுப் பட்டை 100. கிடார் தகடுகள், பிரஷ், துடைப்பதற்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில் எல்லாம் சேர்த்து 250. நட்சத்திரம், பென்டலோப் எல்லாம் அந்தத் திருகு மேசைக்கு வரும் அன்றைக்கு.

“நூறு ரூபாய் மிச்சம் இருக்கிறதே, அண்ணா?”

“அதற்கு ஒரு சின்ன அரம் வாங்கிக்கொள். கடையில் உரசிப் பார்க்க விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து உரசிப் பார். கடித்தால், அடுத்த முறை வேறு கடைக்குப் போ.”